நிரபராதின்னு தீர்ப்பு வந்தாச்சு... அப்புறம்?



போன மாதம் நம்ம கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு குழுவின் பிரதிநிதி எழுந்து ஒரு கேள்வி கேட்டாங்க. அவங்க குழுவில் ஓர் உறுப்பினர். ஒன்பது வருஷமா ஒழுங்கா சேமிப்பு கட்டுறவங்க. வாங்கின உள்கடனில் ஒரு தவணை கூட தவறினதில்லை. அவங்க வீட்டுக்காரர் ஒரு கொலை வழக்கில் ஆயுள் தண்டனை வாங்கி, 11 வருஷம் உள்ளே இருந்து, இப்போ மேல்முறையீட்டில் விடுதலையாகி வந்திருக்கார். ரெண்டு பேருமா ஆடு வளர்த்துப் பிழைச்சுக்கலாம்னு அந்த அக்கா குழுவில் 30,000 ரூபாய் கடன் கேட்டிருக்காங்க. பாதிப் பேர் சரின்னு சொல்லியிருக்காங்க. மீதிப் பேர், "ஜெயிலுக்குப் போனவர் வீடு. நாளைக்கு மறுபடியும் பிடிச்சுட்டுப் போயிட்டா பணத்துக்கு யார் பொறுப்பு?" என்று தயங்கியிருக்காங்க. தீர்மான நோட்டில் எதுவும் எழுதாமலே கூட்டத்தைக் கலைச்சுட்டாங்களாம்.

"கொடுக்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க" என்றுதான் பிரதிநிதி கேட்டாங்க. ஆனால் பேசப் பேச வேறு விஷயங்கள் வெளியே வந்தது. அந்த அண்ணனோட பெயர் ரேஷன் கார்டில் இல்லை. பேங்க் கணக்கு செத்துப் போச்சுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ராத்திரி தூங்குறதில்லை, விளக்கை அணைச்சா எழுந்து உட்கார்ந்துக்கிறார். வீட்டுக்கு வெளியே போகணும்னா பெண்டாட்டியைக் கேட்டுட்டு நிற்கிறார். இதுக்கெல்லாம் யார் கிட்டே போறது? கூட்டத்தில் இருந்த 40 பேரில் ஒருத்தருக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை. அதனால் விசாரித்து, படித்து, இந்த இதழில் எழுதுவதாக ஒத்துக்கிட்டேன்.

வெளியே வந்தவங்க எல்லாரும் ஒண்ணு இல்லை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்குவோம். ஊரில் யார் சிறையிலிருந்து வந்தாலும் "ஜாமீன்ல வந்திருக்கான்" என்றுதான் பேச்சு. ஜாமீன் என்றால் வழக்கு இன்னும் நடக்குது என்று அர்த்தம். தண்டனைக் காலம் முடிந்து வருவது வேறு. நன்னடத்தை பார்த்து அரசு முன்கூட்டியே விடுவது வேறு. இந்த ரெண்டிலும் குற்றம் நிரூபிக்கப்பட்டது என்பது மாறுவதில்லை. நான்காவதாக ஒன்று இருக்கு. கீழ்க்கோர்ட் கொடுத்த தண்டனையை மேல்கோர்ட் ரத்து செய்து, இவர் மேல் குற்றம் இல்லை, விடுங்க என்று சொல்வது. அந்த நாளிலிருந்து சட்டத்தின் கண்ணில் அவர் உங்களையும் என்னையும் போல ஒரு ஆள்.

"சந்தேகத்தின் பலனைக் கொடுத்துத்தானே விட்டாங்க" என்று சிலர் இழுப்பாங்க. எல்லாத் தீர்ப்பும் "இவர் செய்யவே இல்லை" என்று எழுதாது, உண்மைதான். போலீஸ் தரப்பால் நிரூபிக்க முடியலை என்று மட்டும் எழுதின தீர்ப்புகளும் உண்டு. ஆனால் நிரூபிக்க முடியாத ஒன்றுக்காக ஒரு ஆளை அடைத்து வைக்கக் கூடாது என்பதுதான் சட்டமே. கோர்ட் தீர்த்த வழக்கை டீக்கடையில் உட்கார்ந்து மறுபடி விசாரிக்க நமக்கு உரிமை கிடையாது.

மறுபடி பிடிச்சுட்டுப் போவாங்களா என்ற பயத்துக்கும் பதில் சொல்லணும். ஹைகோர்ட் விடுதலை செய்தால் அரசு உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். மேல்கோர்ட் கூப்பிட்டால் வருவேன் என்று 6 மாதத்துக்குப் பத்திரம் எழுதி வாங்குவதும் உண்டு. ஊரில் அதைத்தான் ஜாமீன் என்று நினைச்சுக்குவாங்க. மேல்முறையீடு ஏதும் போட்டிருக்கா என்பதை வக்கீல் மூலம் தெரிஞ்சுக்கலாம். விடுதலை உறுதியாகிவிட்டால் அதே குற்றத்துக்காக அவரை இன்னொரு முறை விசாரிக்க சட்டம் இடம் கொடுக்காது.

தேதி தெரியாத விடுதலை

இந்த விஷயத்தைப் படிக்கும்போது எனக்கு ஒன்று உறைத்தது. தண்டனை முடிந்து வருகிறவருக்கு எந்த நாளில் வெளியே போவோம் என்று தெரியும். வீட்டுக்குத் தெரியும், சிறை நல அலுவலருக்குத் தெரியும். விடுதலையான சிறைவாசிகளுக்கு உதவும் சங்கங்கள், தொழில் கடன், தையல் மெஷின் என்று கொஞ்சமாவது ஏற்பாடு அந்தக் கணக்கை வைத்துத்தான் இருக்கு. மும்பையில் டாடா சமூக அறிவியல் கழகம் 1990-ல் ஆரம்பித்த 'பிரயாஸ்' போன்ற அமைப்புகளும் சிறைக்குள்ளேயே ஆளைப் பார்த்துப் பேசி, வெளியே வரும் நாளுக்கு முன்கூட்டித் தயார் செய்றாங்க.

நிரபராதி என்று விடுதலையாகிறவருக்கு இது எதுவும் பொருந்துவதில்லை. ஒரு நாள் கோர்ட்டில் தீர்ப்பு வருது. உத்தரவு சிறைக்கு வந்து சேர்ந்ததும் கதவைத் திறக்கிறாங்க. சிறையில் அவர் பேரில் இருந்த பணம், ஊருக்குப் போகச் செலவு, பழைய துணி, அவ்வளவுதான். குற்றவாளிக்கு வழிகாட்ட ஆள் உண்டு, குற்றம் செய்யாதவருக்கு இல்லை. அமெரிக்காவிலும் இதே கதைதான். பரோலில் வருகிறவருக்கு வேலை தேடித் தர, தங்க இடம் காட்டத் திட்டம் இருக்கு. நிரபராதி "உங்க கணக்கில் இல்லாத ஆள்" ஆகிவிடுகிறார்.

மகாராஷ்டிராவில் 2003-ல் நடந்த ஒரு கொடூரமான கொலை வழக்கில் நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த 6 கூலித் தொழிலாளிகளைப் பிடித்தாங்க. 2009-ல் உச்ச நீதிமன்றமே 6 பேருக்கும் தூக்கு என்றது. அதில் ஒருவர் சம்பவம் நடந்தபோது 18 வயதுகூட நிரம்பாத பையன் என்பது பின்னால்தான் தெரிஞ்சது. 2019 மார்ச் 5-ல் அதே உச்ச நீதிமன்றம், இவர்கள் பொய்யாகச் சேர்க்கப்பட்டவர்கள் என்று சொல்லி 6 பேரையும் விடுவித்தது. அதற்குள் 16 வருஷம் போயிருந்தது. மறுவாழ்வுக்காக ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் மாநில அரசு கொடுக்கணும் என்றும் தீர்ப்பில் எழுதினாங்க.

5 லட்சம் பெரிய தொகைதானே என்று தோணும். நாம கணக்குப் போடுகிறவங்க, போட்டுப் பார்ப்போம். 16 வருஷம் என்றால் 192 மாதம். மாதத்துக்கு சுமார் 2,600 ரூபாய். நாளுக்கு 85 ரூபாய். தூக்குக் கயிற்றை நினைச்சுக்கிட்டே தூங்கின ராத்திரிக்கும் சேர்த்துத்தான் அந்த 85.

நஷ்டஈடு கேட்க முடியாதா?

கேட்கலாம். ஆனால் இவ்வளவு வருஷத்துக்கு இவ்வளவு என்று எழுதி வைத்த சட்டம் நம்ம நாட்டில் இல்லை. ஹைகோர்ட்டிலோ உச்ச நீதிமன்றத்திலோ ரிட் மனு போட்டு, நீதிபதி மனசு வைத்தால்தான் உண்டு. இந்த வழி திறந்ததே பீகாரைச் சேர்ந்த ருதுல் ஷா வழக்கில்தான். 1968-லேயே விடுதலை என்று தீர்ப்பு வந்தும் அவரை 1982 வரைக்கும், 14 வருஷத்துக்கு மேலே, சிறையிலேயே வைத்திருந்தாங்க. 1983-ல் உச்ச நீதிமன்றம் மொத்தம் 35,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. காரணமில்லாமல் ஒருவரைக் கைது செய்ய வைத்தால் கொடுக்க வேண்டிய இழப்பீடு என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. அதில் உச்சவரம்பு எவ்வளவு தெரியுமா? 1,000 ரூபாய். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அதே ஆயிரம்தான்.

இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் கதை உங்களில் பலருக்கு சினிமாவாகத் தெரியும். நாகர்கோவில்காரர். 1994-ல் பொய் வழக்கில் பிடித்து சுமார் 50 நாள் சிறையில் வைத்தாங்க. 24 வருஷம் போராடினார். 2018-ல் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் கொடுக்கச் சொன்னது. அவர் பட்ட அவமானத்துக்கு அது நியாயம்தான், குறை சொல்லலை. ஆனால் படித்தவர், பெயர் உள்ளவர், விடாமல் கோர்ட் ஏறத் தெம்பு உள்ளவர். அவருக்கே 24 வருஷம் ஆச்சு என்றால், கைநாட்டு வைக்கிற கூலிக்காரர் எங்கே போவார்?

2018 ஆகஸ்டில் இந்தியச் சட்ட ஆணையம் தன்னோட 277-வது அறிக்கையில் இதற்கென்று தனிச் சட்டப் பிரிவுகள் வேணும், மாவட்டந்தோறும் சிறப்பு நீதிமன்றம் வேணும் என்று எழுதியது. பணம் மட்டும் போதாது, மனநல ஆலோசனையும் தொழில் பயிற்சியும் சேர்த்துத் தரணும் என்றும் சொல்லியிருக்கு. அது சட்டமாகலை. நம்ம தேனி மாவட்டத்தில் 2011-ல் நடந்த இரட்டைக் கொலை வழக்கில் தூக்குத் தண்டனை வாங்கின ஒருவரை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. இப்படி வீணாகப் போகிற வருஷங்களுக்கு இழப்பீடு தர சட்டம் வேணுமா என்பது சட்டம் இயற்றுகிறவங்க யோசிக்க வேண்டிய விஷயம் என்று அந்தத் தீர்ப்பிலும் எழுதியிருக்காங்க.

சட்டம் வர எத்தனை வருஷம் ஆகுமோ. அதுவரைக்கும் வந்த ஆள் சாப்பிடணும், தூங்கணும். அந்த இடத்தில்தான் தொண்டு நிறுவனங்கள் வேண்டியிருக்கு.

பட்டவங்களே ஆரம்பித்த அமைப்புகள்

அமெரிக்காவின் தெற்கே லூசியானா மாநிலம், நியூ ஆர்லியன்ஸ் நகரம். ஜான் தாம்ப்சன் என்ற கறுப்பின இளைஞரை 1985-ல் ஒரு வழிப்பறி வழக்கிலும் ஒரு கொலை வழக்கிலும் பிடித்தாங்க. தூக்கு மாதிரி மரண தண்டனை. 14 வருஷம் மரண தண்டனைக் கைதிகளின் தனி அறையில் இருந்தார். 1999 மே 20-ல் தண்டனையை நிறைவேற்ற நாள் குறித்தாங்க. மறுநாள் அவர் மகனுக்குப் பள்ளிப் படிப்பு முடிக்கிற விழா. அந்த நேரத்தில் அவர் வக்கீல்கள் அனுப்பின ஆள் ஒருத்தர் பழைய ஆவணங்களைத் துருவும்போது ஒரு ரத்தப் பரிசோதனைத் தாள் கிடைத்தது. வழிப்பறி செய்தவன் ரத்தம் பி வகை. தாம்ப்சனுக்கு ஓ வகை. அந்தத் தாள் அரசு வக்கீல்கள் கையில் ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கு, மறைச்சுட்டாங்க. 2003-ல் மறுவிசாரணையில் ஜூரிகள் 35 நிமிஷத்தில் குற்றமில்லை என்று சொன்னாங்க. 18 வருஷம் போச்சு.

வெளியே வந்த தாம்ப்சன் 2007-ல் தன்னைப் போல வந்தவங்களுக்காக ஒரு அமைப்பு தொடங்கினார். அவங்க தங்க இடம், கம்ப்யூட்டர் பழக்கம், வேலைக்குத் தயார் செய்வது. அவர் சிறைக்குப் போனபோது வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, கைபேசி கிடையாது. நேரத்துக்கு எழுந்திருக்கிறது, காசை எண்ணிச் செலவு செய்றது, கதவை நாமே திறந்து போகலாம் என்பதெல்லாம் மறுபடி கற்றுக்கணும். இதை வெளியாள் சொன்னால் கேட்கத் தோணாது, கூட உள்ளே இருந்தவன் சொன்னால் காதில் ஏறும் என்பதுதான் அவர் அமைப்பின் பலம். நஷ்டஈடாக ஜூரிகள் கொடுத்த 1 கோடியே 40 லட்சம் டாலரை 2011-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் ரத்து செய்துவிட்டது. அதற்குப் பிறகும் அமைப்பை நடத்தினார். 2017-ல் 55 வயதில் மாரடைப்பில் போயிட்டார்.

பிரிட்டனில் பேடி ஹில். 1974-ல் பர்மிங்காம் நகரில் குண்டு வெடித்து 21 பேர் செத்த வழக்கில் செய்யாத குற்றத்துக்கு 16 வருஷம் உள்ளே இருந்த 6 பேரில் ஒருவர். 1991-ல் விடுதலையானார். 2001-ல் கிளாஸ்கோ நகரில் 'மோஜோ' என்ற அமைப்பை ஆரம்பித்தார். 2024 டிசம்பரில் காலமானார். வெளியே வந்தவங்களுக்கு முதலில் மனசுக்கு வைத்தியம் வேணும், அதை யாரும் தருவதில்லை என்று கடைசி வரைக்கும் சண்டை போட்டார். அந்த நாட்டில் இன்னொரு கூத்து. நஷ்டஈடு கொடுக்கும்போது, சிறையில் இருந்ததால் உனக்கு வீட்டு வாடகையும் சாப்பாட்டுச் செலவும் மிச்சம்தானே என்று அதைக் கழித்துக்கொண்டு கொடுத்தாங்க! 2023-ல்தான் அதை நிறுத்தினாங்க.

இவ்வளவு பெரிய கட்டடம், ஆள் எல்லாம் இல்லாமலும் செய்யலாம். கலிபோர்னியாவில் ஒரு வக்கீல் ஆரம்பித்த 'ஆஃப்டர் இன்னசன்ஸ்' என்ற சின்ன அமைப்பு, நாடு முழுக்க இருக்கிற நிரபராதிகளிடம் பெரும்பாலும் போனிலேயே பேசி வேலையை முடிக்குது. உங்களுக்கு மருத்துவக் காப்பீடு இருக்கா, இந்த விண்ணப்பம் போட்டாச்சா, பதில் வந்ததா என்று விடாமல் கேட்பதுதான் வேலை. பொறுமையும் நோட்டுப் புத்தகமும் போதும்.

உதவுகிறவங்களுக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்?

நல்ல மனசு மட்டும் போதாதுன்னு இந்த அமைப்புகளைப் பார்த்தால் புரியுது. நாம திறன் வளர்ப்புப் பயிற்சி என்று அடிக்கடி சொல்றோமே, இதற்கும் அது வேணும்.

எல்லாவற்றுக்கும் முதலில் தாள்கள். தீர்ப்பின் சான்றிட்ட நகலும், சிறையில் கொடுக்கிற விடுதலைச் சான்றும் கையில் இருக்கணும். நாலைந்து ஜெராக்ஸ் எடுத்து வையுங்க. அசலை லேமினேஷன் போட்டு விடாதீங்க. போலீஸ்காரர் வழியில் நிறுத்திக் கேட்டாலும், வேலைக்குப் போகிற இடத்தில் கேட்டாலும் காட்ட இதுதான் ஆதாரம். அடுத்து ஆதாரில் கைரேகை, முகவரி புதுப்பிக்கணும். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கணும். இதைத் தள்ளிப் போடக் கூடாது, ஏனென்றால் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டில் சேர கார்டில் பெயர் இருக்கணும். வாக்காளர் பட்டியலில் ஊரில் இல்லை என்று நீக்கியிருந்தால் படிவம் 6 கொடுத்து மறுபடி சேரலாம்.

பேங்க் கணக்கு செத்துப் போச்சு என்று சொன்னாங்களே, அது தப்பு. ரெண்டு வருஷத்துக்கு மேல் வரவு செலவு இல்லாத கணக்கை "இயங்காத கணக்கு" என்று ஒதுக்கி வைப்பாங்க. 10 வருஷம் ஆனால் பணம் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் ஒரு நிதிக்குப் போகும். அப்பவும் அது அவர் பணம்தான். அடையாளச் சான்றுகளைக் கொடுத்து எழுதிக் கேட்டால் திருப்பித் தரணும்.

உடம்பு. சிறையில் கூட்டம் அதிகம், அதனால் காசநோய் பரவ வாய்ப்பு அதிகம். இருமல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு தடவை இலவசமாகப் பரிசோதித்து விடுவது நல்லது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பும் அப்படியே பார்த்துடலாம்.

மனசு விஷயம் கொஞ்சம் நிதானமா சொல்லணும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மனநல மருத்துவர் ஏட்ரியன் கிரவுண்ட்ஸ், செய்யாத குற்றத்துக்குச் சிறையிருந்து வந்த 18 ஆண்களைப் பரிசோதித்து 2004-ல் எழுதினார். அவங்களில் 14 பேருடைய குணமே நிரந்தரமா மாறிப் போயிருந்தது. போருக்குப் போய் வந்த சிப்பாய்களுக்கு வருகிற மாதிரி பயம், திடீர்க் கோபம், யாரையும் நம்ப முடியாமை. வீட்டிலும் சிக்கல்தான். இவர் நினைப்பில் குழந்தை ஆறு வயசிலேயே நிற்குது. நேரில் பார்த்தால் மீசை முளைச்ச பையன். புருஷன் இல்லாமல் எல்லாத்தையும் தானே பார்த்துப் பழகின மனைவி, வந்தவருக்கு அந்நியமாத் தெரிவாங்க. அவங்களுக்கும் இவர் அந்நியம்தான். சகோதரிகளே, இதை நாம புரிஞ்சுக்கணும். "புருஷன் வந்துட்டான், இனி உனக்கென்ன குறை" என்று அந்த அக்காவிடம் யாராவது சொல்லியிருந்தால், அவங்களால் பதில் பேச முடியாமல் போயிருக்கும்.

இதற்கு நம்ம ஆறுதல் மட்டும் போதாது. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கு. 2022-லிருந்து 'டெலி மானஸ்' என்று 14416 எண்ணில் இலவசமா, தமிழிலேயே பேசலாம். பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று ஊர் சொல்லும் என்ற பயத்தில் போகாமல் இருப்பாங்க. கூட ஒருத்தர் போனால் போவாங்க.

அமைப்புகளுக்கே இருக்கிற சிக்கல்

பணம் கொடுக்கிறவங்க எத்தனை பயனாளிகள் என்று கேட்பாங்க. ஆயிரம் பேருக்கு மரக்கன்று கொடுத்தோம் என்று சொல்லலாம். நிரபராதிகள் ஒரு மாவட்டத்தில் ரெண்டு பேர் இருப்பாங்க, மூணு பேர் இருப்பாங்க. ஒருத்தருக்கே ரெண்டு மூணு வருஷம் கூட இருக்கணும். அதனால் இந்த வேலைக்குப் பணம் கிடைப்பது கஷ்டம். இதுக்கென்றே தனி நிறுவனம் ஆரம்பிப்பதை விட, ஏற்கெனவே ஊரில் காலூன்றி நிற்கிற அமைப்புகள் இதையும் கற்றுக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

இன்னொன்று, ஒரே ஆளை நம்பி நடத்துவது. அந்த ஒருத்தர் களைத்துப் போனால், போய்ச் சேர்ந்தால் எல்லாம் நின்று போகும். மற்றவங்க துக்கத்தையே தினமும் கேட்கிறவருக்கு அதுவே பாரமாகும். நம்ம குழுக்களில் ஊக்குநர், பிரதிநிதி பொறுப்பைச் சுற்றில் விடணும் என்று விதி வைத்திருக்கோமே, இங்கேயும் அது வேணும். அப்புறம் ரகசியம். உதவி செய்தோம் என்று படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது இந்த விஷயத்தில் பெரிய தப்பு. வழக்கு விவரம் வேறு ஊரில் வேலை தேடுகிறவரின் பிழைப்பையே கெடுக்கும்.

நம்ம கூட்டமைப்பால் என்ன முடியும்?

தாள் வேலை முழுசா முடியும். விதவைச் சான்று, வாரிசுச் சான்று, காப்பீடு என்று அலைந்து வாங்கின அனுபவம் நமக்கு இல்லாததா? தாலுகா ஆபீசில் எந்த ஜன்னலில் யார் உட்கார்ந்திருப்பாங்க என்பது நமக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது முடியும்.

நம்மால் முடியாதது வக்கீல் வேலையும் மருத்துவர் வேலையும். அதைச் செய்றேன் என்று இறங்கவும் கூடாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கு. தாலுகா கோர்ட்டிலும் குழு உண்டு. பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் தரணும் என்பது 1987-ம் வருஷச் சட்டம். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் அப்படியே. அதனால் மனைவி பேரிலேயே மனு கொடுத்து, மேல்முறையீடு இருக்கா, நஷ்டஈடு கேட்டு ரிட் போட முடியுமா என்று கேட்கலாம். போனில் கேட்க 15100. அங்கே சட்டத் தன்னார்வலர்கள் என்று ஊர் ஆட்களையே பயிற்சி கொடுத்துச் சேர்த்துக்கிறாங்க. பல மாவட்டங்களில் குழுப் பெண்கள் அந்த வேலையைச் செய்றாங்க. நம்ம சமூகச் செயல்பாட்டுத் துணைக்குழுவிலிருந்து ரெண்டு பேர் பெயர் கொடுக்கலாம் என்று தீர்மானம் போட்டிருக்கோம். ஒருத்தர் போதாது, ரெண்டு பேர்.

இப்போ கடன் கேள்விக்கு வருவோம். உள்கடன் யாருக்குக் கொடுக்கிறோம்? உறுப்பினருக்கு. எதைப் பார்த்து? அவங்க சேமிப்பு, வருகை, திருப்பிக் கட்டின ஒழுங்கு. புருஷன் மேல் வழக்கு இருந்ததா, இருக்கா என்பது நம்ம விதிமுறையில் எந்தப் பக்கத்திலும் இல்லை. அந்த 11 வருஷத்தில் ஒன்பது வருஷம் அந்த அக்கா தனி ஆளா நின்று தவணை கட்டியிருக்காங்க. அதைவிட என்ன ஜாமீன் வேணும் என்று கேட்டேன். குழு மறுபடி கூடி, முதலில் 15,000, நாலு மாதம் ஒழுங்கா வந்தால் மீதி என்று தீர்மானம் எழுதினாங்க. முழுத் தொகையையும் கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் அது குழுவின் பணம், குழுவின் முடிவு.

ரெண்டு வெள்ளாடும் ஒரு குட்டியும் வாங்கியிருக்காங்க. ரேஷன் கார்டுக்கு எழுதிக் கொடுத்தாச்சு, இன்னும் வரலை. அண்ணன் காலையில் ஆட்டை ஓட்டிக்கிட்டு ஏரிக்கரை வரைக்கும் தனியாப் போறாராம். திரும்பி வரும்போது மட்டும் வாசலில் நின்று, உள்ளே வரட்டுமா என்று இன்னும் கேட்கிறாராம்.